இன்னும் பழகாத சட்டி

ஜெபல் அலியில் ஒரு ஷெட். அஜ்மானில் ஒரு மரப்பட்டறை. அறுபது பேர் தங்குகிற கேம்ப், ரூமுக்கு ரூம் ஏ.சி. கண்ணாடிச் சாமானில் தொடங்கி கப்பல் எஞ்சின் வரைக்கும் எதைக் கொண்டுவந்து போட்டாலும் பெட்டி அடித்து, ஒரு கீறல் இல்லாமல் உலகத்தின் எந்த மூலைக்கும் அனுப்புகிற கம்பெனி. அறந்தாங்கிப் பக்கம் என் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கட்டடம், அதன் நெற்றியில் என் பெயர்.

இத்தனையையும் கட்டியவன் ஐந்தாம் வகுப்போடு சிலேட்டை வைத்துவிட்டு உளியைப் பிடித்த தச்சன். விசா கொடுத்த கபீல் பாதியில் கைவிட்டான். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டவன் ஊரைவிட்டே ஓடினான். இங்கிலீஷ் தெரியாது, அரபி தெரியாது. "கலாஸ், இவன் கதை முடிந்தது" என்று ரூமில் இருந்தவர்களே சொன்னார்கள். சொன்னவர்களில் இரண்டு பேர் பிறகு என்னிடமே வேலைக்கு வந்தார்கள்.

இதெல்லாம் சென்ற வாரங்களில் எழுதியாகிவிட்டது. எழுதாமல் வைத்திருந்த பெருமை ஒன்று பாக்கி. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ என்ற பாலைவனப் பக்கத்தில் பியூப்ளோ என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் சக்கரம் இல்லாமல், கையாலேயே மண்ணைத் திரித்துச் சுற்றிச் செய்த பழைய கருப்புச் சட்டிகள் ஏழு என்னிடம் இருக்கின்றன. வளைகுடா முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு தமிழ்த் தச்சனைக் காட்ட முடியாது. வேறு யாராவது இருந்தால் இந்தப் பத்திரிகைக்கு எழுதட்டும், நான் பொறாமைப்பட மாட்டேன்.

அந்தப் பெருமையை எழுதத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன். எழுத வந்தது வேறாகிவிட்டது.

அடுப்பு மேடையில்

இரண்டு நாள் அபுதாபியில் வேலை. முடித்துவிட்டு, பகல் பதினொரு மணி இருக்கும், வீட்டுக் கதவைத் திறந்தேன்.

நல்லெண்ணெய் வாசம். அதோடு சோற்றுக் கஞ்சி லேசாகப் புளித்த வாசம். ஊரில் மண்சட்டிக் கடையிலிருந்து புதுச் சட்டி வாங்கிவந்த வீட்டில் வருமே, அதே வாசம். அஜ்மானில், மூன்றாவது மாடி ஃபிளாட்டில், இந்த வாசத்துக்கு என்ன வேலை என்று நினைத்துக்கொண்டே அடுக்களைக்குப் போனேன்.

அடுப்புக்குப் பக்கத்தில், மடித்துப் போட்ட துண்டின் மேல், என்னுடைய பாம்புச் சட்டி. ஏழில் மூத்தது. வயிற்றைச் சுற்றி ஒரு கொம்புள்ள பாம்பு ஓடுகிற சட்டி. விளிம்பு வரைக்கும் கஞ்சித் தண்ணீர். வெளியில் முழுக்க எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. அடியில் இருந்த துண்டு ஊறிப்போய்க் கிடந்தது.

"வாங்க அண்ணாச்சி. காலைல சாப்ட்டியளா?" என்றார் சம்பந்தியம்மா.

இசக்கியம்மாள் என்று பெயர். என் மருமகள் நித்யாவைப் பெற்றவர். திருச்செந்தூர்ப் பக்கம். விசிட் விசாவில் வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

"சட்டி லேசாக் கசியுது அண்ணாச்சி. இன்னும் பழகல. ரெண்டு நாளா கஞ்சித்தண்ணி ஊத்தி ஊத்தி வைக்கேன். இன்னும் ஒரு நாள் வச்சா நின்னுரும். நாளைக்கு உங்களுக்கு மீன் கொழம்பு."

என் கையில் கார்ச் சாவி இருந்தது. அது கீழே விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. சம்பந்தியம்மா குனிந்து எடுத்துக் கொடுத்தபோதுதான் விழுந்ததே தெரிந்தது.

"என்ன அண்ணாச்சி, மொகம் இப்படி வெளுத்துப் போச்சு? வெயில்ல வந்தியளா?"

கப்பலில் ஏற்றும்போது கிரேன் கயிறு அறுந்து என் பெட்டி கடலில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்போதுகூட எனக்கு வாய் இருந்தது, கிரேன்காரனின் ஏழு தலைமுறையையும் இழுத்தேன். அன்று அடுக்களையில் எனக்கு வாய் இல்லை. பெண்ணைக் கொடுத்த வீட்டு அம்மா. அவரிடம் எப்படிக் கத்துவது? வேலைக்காரன் செய்திருந்தால், என் பெண்டாட்டி செய்திருந்தால், அந்த பில்டிங்கே கேட்டிருக்கும்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சம்பந்தியம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன்.

"நோ வாட்டர்!"

அந்தச் சட்டி என்ன சட்டி என்று சொன்னால்தான் நான் ஏன் அப்படி உட்கார்ந்தேன் என்பது புரியும்.

ஜெபல் அலியில் நான் ஒரு பேக்கிங் கம்பெனியில் வெறும் தச்சனாக இருந்த காலம். எண்ணெய்க் கம்பெனியில் பெரிய வேலையில் இருந்த ஓர் அமெரிக்கர் குடும்பம் நாட்டைக் காலிசெய்து போகிறது. வீட்டுச் சாமானுக்குப் பெட்டி அடிக்க என்னை அனுப்பினார்கள். வீட்டுக்கார அம்மா பெயர் லிண்டா மேடம். அலமாரி நிறையக் கருப்புச் சட்டிகள்.

நான் சட்டி பார்க்காதவனா? ஆனால் அப்படி ஒரு கருப்பைப் பார்த்ததில்லை. குனிந்தால் என் மீசை தெரிந்தது. கையில் எடுத்தால் கனமே இல்லை. ஒரு சட்டியில் தூசி. பெட்டியில் வைக்கும்முன் சுத்தமாக இருக்கட்டும் என்று நல்லபிள்ளையாகக் குழாயடிக்குக் கொண்டுபோனேன்.

"நோ வாட்டர்!"

அந்த அம்மா போட்ட சத்தத்தில் சட்டியை நான் கீழே விடாமல் இருந்ததே என் தொழில் சுத்தம். ஓடிவந்து வாங்கிக்கொண்டார். அப்புறம் அரைமணி நேரம் என்னை உட்காரவைத்துக் கையாலும் முகத்தாலும் பாடம் நடத்தினார். இந்த மினுமினுப்பு மேலே பூசியது கிடையாது. ஆற்றில் கிடைக்கிற வழவழப்பான கல்லை வைத்து நாள்கணக்கில் தேய்த்து வருவது. பாம்பு ஓடுகிற இடத்தில் மட்டும் தேய்த்த மினுக்கத்தின் மேல் சேற்றுக் குழம்பால் வரைந்து அப்படியே விட்டுவிடுவார்கள், அதனால் அது மங்கலாக நிற்கும். கருப்பில் கருப்பு. சுடும்போது தீயைக் காய்ந்த சாணித் தூளால் மூடிவிடுவார்கள், புகை உள்ளே போய் மண் கருத்துவிடும். சூடு குறைவு, அதனால் மண் இறுகாது. தண்ணீர் பட்டால் குடித்துவிடும். குடித்தால் மேல்தோல் உரிந்துவிடும்.

என் வாழ்க்கையில் முழுசாகப் புரிந்து, முழுசாகக் கடைப்பிடித்த ஒரே இங்கிலீஷ் வாக்கியம் அந்த "நோ வாட்டர்"தான்.

அவருடைய சட்டிகளுக்கு நான் அடித்த பெட்டி போல அந்தக் கம்பெனியில் அதற்குமுன் யாரும் அடித்ததில்லை. ஒவ்வொரு சட்டிக்கும் அதன் வயிற்றளவுக்குக் குழிவு கடைந்து, உள்ளே பஞ்சு வைத்து, துணி தைத்து. புறப்படும் அன்று, விளிம்பில் அரிசி அளவு சில்லு போயிருந்த பாம்புச் சட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். "யூ டேக் கேர்" என்றார். நான் "யெஸ் மேடம்" என்றேன்.

அடுத்து வந்த ஆறையும் நானே தேடிச் சேர்த்தேன். குவைத்தில் மங்காஃப் வரைக்கும் ஒரே ஒரு சட்டிக்காகப் போய்வந்திருக்கிறேன். அங்கே ஒரு வீட்டில் அதைப் பேனா போட்டுவைக்க வைத்திருந்தார்கள்.

பெட்டிக்கு அடியில் பெயர்

இங்கே இன்னொன்றும் சொல்லவேண்டும்.

சொந்தக் கம்பெனி தொடங்கிய நாள்முதல் என் ஷெட்டில் ஒரு சட்டம். பெட்டியைக் கட்டியவன் எவனோ, அவன் பெயரைப் பெட்டியின் அடிப்பலகையில் எழுதவேண்டும். "கட்டியது" என்று போட்டு, பக்கத்தில் பெயர். தமிழோ இந்தியோ மலையாளமோ, அவனவன் எழுத்தில். வாங்குகிறவன் பார்க்கப்போவதில்லை. ஆனால் எழுதுகிற கை நடுங்காமல் இருக்கவேண்டுமென்றால் பெட்டி ஒழுங்காக இருக்கவேண்டும்.

ஒருமுறை ஒரு பெட்டி பாதி வழியில் வாய்பிளந்து திரும்பி வந்தது. அடியில் புரட்டிப் பார்த்தால் லீவில் ஊருக்குப் போயிருந்த ஒருவனின் பெயர். கட்டியவன் தன் பெயரைப் போடப் பயந்து ஊரில் இருக்கிறவன் பெயரைப் போட்டிருக்கிறான். ஷெட் முழுக்க நிற்கவைத்துக் கேட்டேன். "மோசமாக் கட்டினதுக்கு உன்ன மன்னிப்பேன்டா. அடுத்தவன் பேர எழுதினியே, அதுக்கு யல்லா, நடையக் கட்டு" என்றேன். அடுத்த வாரம் அவன் விமானம் ஏறினான்.

இதை இத்தனை வருஷமாக எல்லா மேடையிலும் பெருமையாகச் சொல்லிவருகிறேன்.

என் பராமரிப்பு

சட்டிகளை வைத்துக்கொள்வது சாதாரணம் என்று நினைக்கவேண்டாம். தொடுமுன் மோதிரத்தைக் கழற்றவேண்டும், கீறும். விளிம்பைப் பிடித்துத் தூக்கக்கூடாது, ஒரு கை அடியில், ஒரு கை வயிற்றில். செய்தித்தாளில் சுற்றினால் மை ஒட்டும், மை இல்லாத வெள்ளைத்தாள்தான். இந்த ஊர்க் காற்றில் உப்பு அதிகம், அதனால் கண்ணாடி அலமாரி. நாங்கள் ஊருக்கு லீவில் போனாலும் சட்டி இருக்கும் அறையில் ஏ.சி. ஓடும். "ஒங்க சட்டிக்கு இருக்குற ஏ.சி. எனக்கு இல்ல" என்று என் வீட்டுக்காரி சரோஜா சொல்லாத வருஷம் கிடையாது.

தண்ணீர் ஒரு சொட்டு காட்டியதில்லை. அதற்குப் பதில் சனிக்கிழமை எண்ணெய்.

சனிக்கிழமை தோறும் எனக்கு எண்ணெய்க் குளியல். பாலைவனமோ பட்டணமோ, அது நின்றதில்லை. தலையில் வைத்த எண்ணெயில் மிச்சத்தைப் பழைய வேட்டித்துணியில் நனைத்து, சட்டிகளுக்கும் ஒரு தடவை. கோயிலில் கருங்கல் சிலைக்கு எண்ணெய்க்காப்புச் செய்கிறார்கள், எத்தனை நூறு வருஷமாக அந்தக் கருப்பு மின்னிக்கொண்டு நிற்கிறது. அந்தக் கணக்கு. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் "என்ன பளபளப்பு!" என்று வாய்பிளப்பார்கள். எனக்கு அதில் ஒரு நெஞ்சு விரிவு.

பாம்பு மட்டும் வருஷம் போகப்போகக் கண்ணுக்குத் தெரியாமல் மங்கிக்கொண்டே வந்தது. வயதானால் யாருக்குத்தான் மங்காது என்று நினைத்தேன். அது மங்க மங்க, நான் எண்ணெயைக் கூட்டினேன்.

"நம்ம வீட்டுல இல்லாத சட்டியா!"

திரும்ப அடுக்களைக்கு வருகிறேன். மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கூடிய மட்டும் குரலைத் தணித்துக் கேட்டேன்.

"தங்கச்சி, இந்தச் சட்டிய எங்க எடுத்தீக?"

"சாப்பாட்டு மேசைலதான் இருந்துச்சு. வெள்ளத் துணி சுத்தி. எனக்குன்னுதான வாங்கி வச்சிருந்திய?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சம்பந்தியம்மா ஊரிலிருந்து வரும்போது மருமகனுக்கு மீன் குழம்பு வைக்கவென்று ஒரு மண்சட்டியைச் சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஷார்ஜா ஏர்ப்போர்ட்டில் பெட்டியைத் திறந்தால் சட்டி ஓடு ஓடாகக் கிடக்கிறது. அன்று சாப்பிடும்போது அந்த அம்மாவுக்கு முகமே சரியில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"சட்டிதான தங்கச்சி? நம்ம வீட்டுல இல்லாத சட்டியா! பாத்துக்கலாம்" என்றேன். கையை வேறு வீசிச் சொன்னேன்.

மறுநாள் காலையில் பாம்புச் சட்டியை அலமாரியிலிருந்து எடுத்து, அளவு பார்ப்பதற்காக மேசைமேல் வைத்தேன். ஷார்ஜாவில் ஒரு கண்காட்சி. பல நாட்டு மண்பாத்திரங்கள். என்னுடைய ஏழு சட்டியையும் கேட்டிருந்தார்கள். ஆறு ஏற்கெனவே என் பெட்டிகளில் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. இதுதான் கடைசி, இதுதான் நடுவில் வைக்கப்போவது. அளவு எடுத்துக்கொண்டிருக்கும்போதே அபுதாபியிலிருந்து போன். சட்டிமேல் துவைத்த வேட்டித்துணியைச் சுற்றிவிட்டு ஓடினேன். சரோஜா ஷார்ஜாவில் மகள் வீட்டில், பேத்திக்குக் காய்ச்சல். மகனும் நித்யாவும் விடியுமுன் துபாய்க்கு வேலைக்குக் கிளம்பினால் பொழுதுசாய்ந்துதான் திரும்புவார்கள். இரவில் கஞ்சி ஊற்றிய சட்டியைத் துணி மூடிப் பால்கனி மூலையில் வைத்துவிடுவாராம் சம்பந்தியம்மா. இருட்டில் அதை யார் பார்ப்பது?

வீட்டில் தனியாக இருந்தவர் அந்த அம்மா. மேசைமேல் வெள்ளைத்துணி சுற்றிய புதுச் சட்டி. முந்தினநாள் சம்பந்தி கொடுத்த வாக்கு. வேறு எப்படி நினைப்பார்?

அன்று சாயங்காலம் நித்யா வந்து பார்த்தாள். "ஐயோ, அம்மா!" என்று அவள் போட்ட சத்தத்தில் சம்பந்தியம்மா கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அது என்ன சட்டி என்று நித்யா சொன்னாள். அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. "மோர் குடுத்தேனே, வாங்கிக் குடிச்சியளே அண்ணாச்சி. ஒரு வார்த்த வையக்கூடாதா?" என்று மட்டும் கேட்டார்.

செய்தி கேட்டு வந்த சரோஜா என்னைத்தான் பிடித்தாள். "வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்தீங்களா? இல்லாத சட்டியான்னு கேட்டது யாரு, அவுகளா?"

மூன்றாம் நாள் சட்டியின் கழுத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தது. நான்காம் நாள், பாம்பின் வால் பக்கம், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு தோல் உரிந்து அலமாரித் தட்டில் கிடந்தது. அந்தத் தோலை நான் தீப்பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை

மறைக்க முடியாது. கண்காட்சியை நடத்துகிற பெண்ணிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். ஹெஸ்ஸா என்று பெயர், இந்த நாட்டுப் பெண், என் மகள் வயது. என்னிடம் இந்தியில் பேசுவார், சித்தப்பா முறை வைத்து "சாச்சா" என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சட்டியைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனேன். இங்கிலீஷுக்கு நித்யா. கூடவே சம்பந்தியம்மாவும் கிளம்பினார். "தப்பு செஞ்சது நானு. நானே வந்து சொல்லுதேன். வேற ஆளு சொல்லப்படாது."

ஹெஸ்ஸா சட்டியைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, அந்தச் சட்டியைச் செய்த குடும்பத்துப் பெண் ஒருவரை வீடியோவில் கூப்பிட்டார். ரோஸ் என்று பெயர், வயது எனக்குச் சமமாக இருக்கும், அவரும் சட்டி செய்கிறவர். கண்காட்சிக்குக் குறிப்புகள் எழுதித் தருகிறவர் அவர்தான். அங்கே அப்போதுதான் காலை. காபி குடித்துக்கொண்டே பேசினார்.

சம்பந்தியம்மா கையைக் கூப்பிக்கொண்டு நடந்ததைச் சொன்னார். நித்யா மாற்றிச் சொன்னாள். கஞ்சித்தண்ணீர் என்பதற்கு அவள் கொஞ்சம் திணறினாள். கேட்டுவிட்டு ரோஸ் அம்மாள் சிரித்துவிட்டார்.

"என்னம்மா சொல்லுதாவ?"

"அவங்க அத்தை செஞ்ச சட்டியாம்மா இது. அவங்க இருந்திருந்தா அகப்பையாலயே உன்ன ரெண்டு போட்டிருப்பாங்களாம்."

"போடட்டும். போடவேண்டியதுதான்."

பிறகு ரோஸ் அம்மாள் முகம் மாறியது. விளக்கைப் பக்கவாட்டில் பிடிக்கச் சொன்னார். சட்டியைத் திருப்பச் சொன்னார். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். என்னவோ கேட்டார். ஹெஸ்ஸா போய் மற்ற ஆறு சட்டிகளையும் ஒவ்வொன்றாக விளக்குமுன் கொண்டுவந்து வைத்தார்.

"மாமா" என்றாள் நித்யா. அவள் என்னைப் பார்க்கவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தண்ணி தெரியுதாம். புது எண்ணெய் தெரியுதாம். அதுக்கு அடியில பழைய எண்ணெய் இருக்காம். வருஷக்கணக்கா ஏறின எண்ணெயாம். ஏழுலயும் இருக்காம். அது யாருன்னு கேக்குறாங்க."

"நான் ஒண்ணுலதான தடவினேன்?" என்றார் சம்பந்தியம்மா மெதுவாக. சொல்லிவிட்டு என் தலையைப் பார்த்தார்.

காலையில்தான் எண்ணெய் தேய்த்துக் குளித்திருந்தேன்.

நித்யா சொல்லிக்கொண்டே போகிறாள். சுற்றிலும் மின்ன, பாம்பு மட்டும் மங்கலாக இருந்ததால்தான் அது கண்ணுக்குத் தெரிந்ததாம். மங்கலான இடத்தில் எண்ணெய் ஏறினால் அதுவும் மற்ற இடத்தைப்போலவே மின்னத் தொடங்கிவிடுமாம். எல்லாமே மின்னினால் பாம்பு எப்படித் தெரியும்? "பாம்புக்கு வயசாகல மாமா. எண்ணெய்க்குள்ள முங்கிப்போச்சாம்."

தண்ணீர் கூடாது என்று லிண்டா மேடம் சொன்னார். எண்ணெய் கூடாது என்று சொல்லவில்லை. ஒரு மனிதன் சட்டிக்கு எண்ணெய் வைப்பான் என்று அந்த அம்மாவுக்குத் தோன்றியிருக்காது. வைக்காமல் இருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. சம்பந்தியம்மா இரண்டு நாள் செய்ததை நான் என் தலைமுடி கருப்பாக இருந்த நாளிலிருந்து செய்துவந்திருக்கிறேன். வாராவாரம். பெருமையாக.

அப்போது சம்பந்தியம்மா நித்யாவின் கையைப் பிடித்தார்.

"ஏட்டி, ஏழுலயும் நாந்தான் தடவினேன்னு சொல்லு."

"அம்மா! என்ன பேசுற?"

"சொல்லுடி. நான் இன்னும் பத்து நாள்ல ஊருக்குப் போறவ. இங்க என்ன எவளுக்குத் தெரியும்? அண்ணாச்சி இந்த ஊருல பேரு சம்பாதிச்சவுக. அது கெடப்படாது."

நித்யா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மாமா?"

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேண்டாம் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். ஐந்தாம் வகுப்புப் படித்தவனுக்கும் அந்த வார்த்தை தெரியும். சொல்லவில்லை.

நித்யா இங்கிலீஷில் ஏதோ சொன்னாள், நான்கைந்து வார்த்தைகள். ஹெஸ்ஸா எழுதிக்கொண்டார். ரோஸ் அம்மாள் மட்டும் எழுதவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய எண்ணெய்க்கும் நேற்றைய எண்ணெய்க்கும் வித்தியாசம் தெரிந்தவர். எதையும் துடைக்கவேண்டாம், தேய்க்கவேண்டாம், அப்படியே வைக்கட்டும் என்றார். காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் போனை அணைத்துவிட்டார்.

சுவரில் ஒட்டிய அட்டை

கண்காட்சி திறந்தாகிவிட்டது. பாம்புச் சட்டி நடுவில்தான் இருக்கிறது. கெட்டுப்போனதையும் காட்டவேண்டும் என்று ஹெஸ்ஸா முடிவு செய்தார். அது நிற்கிற மரமேடை நான் செய்தது. ஏழு மேடையும் நான் செய்தது. சட்டிகள் வந்த ஏழு பெட்டியும் நான் செய்தது.

பக்கத்துச் சுவரில் அரபியிலும் இங்கிலீஷிலும் ஒரு அட்டை. நித்யாவைப் படிக்கச் சொன்னேன்.

"தனியார் சேகரிப்பு, அஜ்மான். எண்ணெய்க் கறை, நீர்க் கறை: வீட்டுக்கு வந்த விருந்தினர் ஒருவர் அறியாமல் செய்தது."

என் பெயர் எங்கும் இல்லை. வழக்கமாக எனக்கு அதுதான் முதலில் சுடும். அன்று அது இரண்டாவதாகச் சுட்டது.

நம்மூர்க்காரர்கள் சிலர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். எஞ்சினியர்கள், நன்றாக உடுத்தியவர்கள். ஒருவர் என் தோளில் கைபோட்டார். "ஐயா, எவ்வளவு பத்திரமா வச்சிருந்தீங்க. யாரோ பட்டிக்காட்டம்மா வந்து கொழம்புச் சட்டின்னு நெனச்சிட்டாங்களாமே?" என்று சிரித்தார். அவர் மனைவியும் சிரித்தார்.

நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கு இன்னும் அதிர்ச்சி தீரவில்லை. அடுக்களையில் சாவி விழுந்தபோது இல்லாத அதிர்ச்சி, விளக்குமுன் நின்றபோதுகூட இல்லாத அதிர்ச்சி. அடுத்தவன் பெயரைப் பெட்டியில் எழுதினவனை நான் விமானம் ஏற்றினேன். அவன் முகம் அங்கே அந்தக் கூட்டத்தில் எனக்குத் தெரிந்தது. அவனாவது லீவில் போனவனைக் கேட்காமல் எழுதினான். எனக்கு என் சம்பந்தியம்மா தானாகத் தன் பெயரைக் கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன்.

சம்பந்தியம்மா ஊருக்குப் போய்விட்டார். போனில் சொன்னேன், அட்டையை மாற்றச் சொல்லப்போகிறேன் என்று.

"எதுக்கு அண்ணாச்சி? என் பேரு போடலல்லா, விடுங்க."

"ஒங்க பேரு இல்ல தங்கச்சி. என் பேரும் இல்ல. அதான் பிரச்சினை."

"இப்பவும் சனிக்கெழம எண்ணெ தேய்ச்சுக் குளிக்கியளா?"

"குளிக்கிறேன்."

"கைய நல்லாக் கழுவிட்டு சட்டிப் பக்கம் போங்க" என்றார். அவ்வளவுதான் அவர் என்னை வைதது.

ஹெஸ்ஸாவிடம் சொல்லிவிட்டேன். கண்காட்சி முடிந்தபிறகு பார்க்கலாம் சாச்சா, அச்சடித்தாகிவிட்டது என்கிறார். முடிந்தபிறகு யாருக்காக மாற்றுவது? அதனால் இந்தப் பத்திரிகையில், எல்லோரும் படிக்கிற இடத்தில், கேட்கிறேன். நித்யா இதை இங்கிலீஷில் மாற்றி ஹெஸ்ஸாவுக்கும் ரோஸ் அம்மாளுக்கும் அனுப்பப்போகிறாள்.

விருந்தினர் என்ற வார்த்தை அந்த அட்டையிலிருந்து போகவேண்டும். அந்த அம்மாவுக்கு வாக்குக் கொடுத்ததும் நான், அடையாளம் எழுதாமல் சட்டியை மேசையில் விட்டதும் நான். அந்த இடத்தில் என் முழுப்பெயரையும் போட்டு எழுதவேண்டும்: ஏழு சட்டியையும் தேடிச் சேர்த்தது இவன். பெட்டியும் மேடையும் கட்டியது இவன். இத்தனை காலம் உடையாமல் காத்தது இவன். எண்ணெய் வைத்துப் பாம்பை மூழ்கடித்ததும் இவன். நான்கையும் எழுதவேண்டும், ஒன்றைக் குறைத்தாலும் ஒப்புக்கொள்ளமாட்டேன். அரபியில், இங்கிலீஷில், தமிழில்.

அட்டையில் இடம் போதாது என்றால் சொல்லுங்கள். பலகை நான் அறுத்துத் தருகிறேன்.